தேய மறுத்த இடுப்பு

லாரிக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைகள் அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். மார்க் குறைந்ததை மறைக்கலாம், மேட்னி ஷோ போனதை மறைக்கலாம். கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தால் அதை மட்டும் மறைக்க முடியாது. என் அப்பா நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருந்தார். எங்கே எந்தக் கதவு முனகினாலும் அவருக்குப் பல் கூசும். என் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் பெண்ணைப் பார்த்ததைவிட அந்த வீட்டு ஊஞ்சல் கொக்கியைப் பார்த்ததுதான் அதிகம். கடைசியில் தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கி, நாற்காலி போட்டு ஏறி, கொக்கிக்கு நாலு சொட்டு விட்டுவிட்டுத்தான் காபியைத் தொட்டார். "சம்பந்தி ரொம்பப் பொறுப்பான மனுசன்" என்று அவர்களும் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அண்ணிக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு மகளாகப் பிறந்துவிட்டு நான் போய்ச் சேர்ந்த உத்தியோகம், பொருள்களைத் தேய வைப்பது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். ஃபேர்லேண்ட்ஸில் பெண்கள் விடுதியில் ஜாகை. தலைக்கு உள்ளே இருந்ததைவிடத் தலைக்கு மேலே இருந்த கனம் அதிகம். யாராவது "என்ன வேலைம்மா?" என்று கேட்டால் "செயற்கை மூட்டு" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு மேகத்தைப் பார்ப்பேன். கேட்டவர்கள் பயந்து போய்விடுவார்கள்.

விஷயம் ஒன்றும் பயப்படும்படியானது இல்லை. இடுப்பு மூட்டு கெட்டுப்போனவர்களுக்கு அதை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். தொடை எலும்பில் ஓர் எவர்சில்வர் குண்டு, அது சுழல்வதற்கு இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். நம் வீட்டுத் தண்ணீர்க் குடம் இருக்கிறதே, அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பெரியப்பா முறை. ஒரே குடும்பம், ஆனால் ரொம்பக் கெட்டி. எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஆள் நடக்க நடக்கக் கிண்ணம் தேயும். தேய்ந்த தூள் உள்ளே தங்கி எலும்பையே கெடுத்துவிடும். ஆகவே எந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு தேயும் என்பதை மனிதனுக்குள் வைப்பதற்கு முன்னால் மெஷினில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். தேய்ப்பவள் நான்.

மெஷினை எங்கள் பேராசிரியர் அருளப்பன் சாரும் நானும் பட்டறைக்காரர் ஒருவரும் சேர்ந்து செய்திருந்தோம். மாவு அரைக்கும் கிரைண்டரின் மோட்டார். அது சுழற்றும் ஓர் எவர்சில்வர் தட்டு. தட்டின் மேல் குத்திட்டு நிற்கும் சுண்டுவிரல் அளவுப் பிளாஸ்டிக் குச்சி. குச்சியை அழுத்திப் பிடிக்க ஓர் இரும்புக் கை, அதில் எடைக்கற்கள். மூட்டுக்குள் ஊறும் நீருக்குப் பதிலாக, மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைத் தட்டில் ஊற்றி வைத்திருப்போம். (வீட்டில் 'மருந்துத் தண்ணி' என்று சொல்லியிருந்தேன். உண்மை தெரிந்தால் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பாள்.) சேலத்து வெயிலில் அந்தச் சீரம் கிளப்பிய வாசனையில் எங்கள் இருவரின் மூக்கும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டிருந்தன.

மெஷின் நன்றாகத்தான் ஓடியது. என்ன, கொஞ்சம் ஊளையிடும்.

இதற்கு நடுவில் எருமப்பட்டியில் ஒரு மாப்பிள்ளை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கோழிப்பண்ணைக்காரர், தோட்டம் உண்டு, கெட்ட பழக்கம் கிடையாது. அவரை மறுப்பதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை, எனக்கு மேலே படிக்க வேண்டும் என்பதைத் தவிர. அப்பா ஒரு கெடு வைத்தார்.

"பொங்கல் வரைக்கும் பாரு சாமி. உன்ற ஆராய்ச்சி ஒரு வழிக்கு வந்துச்சுன்னா மேல படி, நான் குறுக்க நிக்கல. இல்லீன்னா எருமப்பட்டிக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துருவேன். அவங்களும் எத்தன நாளைக்குத்தான் வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாங்க?"

ஒரு வழிக்கு வருவது என்றால், மெட்ராஸிலிருந்து வரப்போகும் எலும்பு டாக்டர் ஒருவர் எங்கள் முடிவைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அவர் ஆட்டினால் ஆராய்ச்சி தொடரும், எனக்கு டாக்டர் பட்டத்துக்குப் பதிவு கிடைக்கும். ஆட்டாவிட்டால் எருமப்பட்டி.

மார்கழியில் ஒரு நாள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லோடு இறக்கிவிட்டு அப்பா லாரியோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிட வேண்டுமாம். சோதனைக் கூடத்துக்குள் காலை வைத்ததும் அவர் முகம் சுளித்தது. நான் சீரம் நாற்றம் என்று நினைத்தேன்.

"ஏஞ்சாமி, இந்த மிசினு என்ன இப்பிடி ஓலமிடுது?"

"அது அப்பிடித்தானுங்கப்பா."

"கிரீஸு கீஸு வெக்க மாட்டாங்களா? கஞ்சித்தண்ணிய ஊத்தி ஓட்டறாங்க?"

"கஞ்சி இல்லீங்கப்பா. அதெல்லாம் பெரிய வெசயம், சொன்னாப் புரியாது. நீங்க உக்காருங்க, காபி வாங்கியாரேன்."

(இந்த இடத்தில் இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் மேகத்தைப் பார்க்கிறவளுக்கு அப்பா எங்கே தெரியப் போகிறார்!)

கேன்டீன் கல்லூரியின் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே போனால் பஜ்ஜி அப்போதுதான் எண்ணெயில் விழுந்திருந்தது. அப்பாவுக்குப் பஜ்ஜி உயிர் என்பதால் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அப்பா ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். மெஷின் ஓடுகிறது, சத்தம் மூச்! எனக்கு அது ஆச்சரியமாகவே படவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன், நாய், அம்மா, ரேடியோ எல்லாமே அப்பா வந்தால் அடங்கிப் போகும். மெஷினும் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேல் கிரீஸ் வாடை அடித்தது. அது என்றைக்கு அடிக்கவில்லை?

பஜ்ஜியைத் தின்றுவிட்டு, வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். என் தலைமேல் கையை வைத்தார்.

"இனி ஒண்ணும் பயப்படாத சாமி. எல்லாம் நல்லபடியா ஓடும்."

ஆசீர்வாதம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர் அப்படியே கூச்சத்தோடு போய் லாரியில் ஏறிக்கொண்டார்.

சோதனை முடிந்து குச்சியை வெளியே எடுத்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. குச்சியின் நுனியிலும் தட்டின் மேலும் பழுப்பாக, தயிர்போல், வழவழப்பாக ஒரு படலம். இதுவரை ஒரு குச்சியிலும் அப்படி வந்ததில்லை. வேதியியல் துறையின் துல்லியத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். எடை குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தது! தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக் வளர்ந்திருந்தது! புத்தியுள்ளவள் இந்த இடத்தில் சந்தேகப்படுவாள். நான் தராசுக்கு முன்னால் நின்று எனக்கு எந்த ஊரில் பாராட்டு விழா நடத்துவார்கள் என்று யோசித்தேன்.

அருளப்பன் சார் நல்ல மனிதர், ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் சந்தேகப் பிராணி. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கழுவிட்டுத்தானே எடை போட்டே?"

கழுவி, காயவைத்து, அப்புறம்தான் எடை போட வேண்டும். அதுதான் விதி. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"கழுவக் கூடாது சார்! கழுவினா படலம் போயிடும். சார், யோசிச்சுப் பாருங்க. நம்ம உடம்பு மூட்டுக்குள்ள என்ன செய்யுதோ, அதையே இந்தப் பிளாஸ்டிக் தானாச் செஞ்சிருக்கு. சீரத்துல இருக்கிற புரதத்தை இழுத்துத் தனக்குத் தானே ஒரு மெத்தை போட்டுக்கிட்டிருக்கு. இனிமே தேய்மானமே கிடையாது சார்!"

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சேசுவே" என்றார். "ஆண்டவர் கண்ணைத் திறந்துட்டாரும்மா."

மனிதனுக்குப் பேராசை வந்துவிட்டால் சந்தேகம் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விடும். மறுநாளே படலத்துக்குப் பெயர் வைக்க உட்கார்ந்துவிட்டோம். 'அருளப்பன் படலம்' என்றார் அவர். கண்டுபிடித்தது நான் என்றேன். 'அருள்-கலா படலம்' என்று இறங்கி வந்தார். அகர வரிசைப்படி அ தானே முதலில் என்றும் சொல்லிக்கொண்டார். கலாவதி என்று பெயர் வைத்த அம்மாவை அன்று முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். 'அமுதா' என்று வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

பொங்கலுக்கு முந்தின வாரம் மெட்ராஸ் டாக்டர் வந்தார். நானோ ஜெயித்துவிட்ட மிதப்பில், கெடு வைத்த அப்பாவும் என் வெற்றியைக் கண்ணாரப் பார்க்கட்டும் என்று அவரையும் வரச் சொல்லியிருந்தேன். (தானாகப் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்வது ஆண்களின் வழக்கம். நான் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.) அப்பா சலவை வேட்டி சட்டையில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று முழங்கினேன். இயற்கையே மனிதனின் இடுப்புக்காக நெய்து கொடுத்த பட்டு என்றெல்லாம் சொன்னதாக நினைவு. ராசிபுரம் பட்டு என்று சொல்லாமல் விட்டது ஒன்றுதான் நான் அன்று காட்டிய அடக்கம்.

டாக்டர் அதிகம் பேசாதவர். மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார்.

"ஆச்சரியமா இருக்கே. இந்தப் படலம் எதனால் ஆனதும்மா?"

"புரதம் சார். சோதித்துக் கொண்டிருக்கிறோம்." (சோதிக்கவில்லை. பெயர் வைப்பதிலேயே நேரம் போய்விட்டது.)

"வேற யாராவது பார்க்கணுமா?" என்று அவர் மரியாதைக்குக் கேட்டார். கடைசி வரிசையில் அப்பா கையைத் தூக்கினார்.

பெருமையில் எனக்கு மார்பு விம்மியது. "வாங்கப்பா" என்றேன். அவர் வந்து மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார், இன்னொரு கண்ணை வைத்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடித் தட்டில் தனியாக வைத்திருந்த குச்சியைக் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் அந்தப் பழுப்பை வழித்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மலர்ந்தது.

"அட! கலருதான் மாறிப்போச்சு. நம்ம சரக்குதானுங்க!"

"என்ன சரக்கு?" என்றார் டாக்டர்.

"கிரீஸுங்க. வீல் பேரிங்குக்கு வெக்கறது. அன்னைக்கு நான் வந்தப்ப மிசினு போட்ட சத்தம் காதுல கேக்க முடியலீங்க. புள்ள காபி வாங்கப் போயிருந்துச்சு. லாரில இருந்து டப்பாவ எடுத்தாந்து மோட்டாருக்கு வெச்சேன். பாத்தா இந்தக் குச்சியும் தட்டும் இல்ல ஒண்ணோட ஒண்ணு ஒரசித் தேயுது? தேஞ்சு கெட்டுப்போச்சுன்னா புள்ள மேலதான பழி வரும்னு, அங்கயும் ஒரு உருண்டை பெருசாவே வெச்சுவுட்டேனுங்க."

மேலே மின்விசிறி மட்டும் கீச்சென்றது. அப்பா அதை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

அருளப்பன் சார் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனி இந்த உலகத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பதுபோல. டாக்டரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஒரு கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, ஒருவழியாக அப்பாவைக் கேட்டார்.

"ஐயா, நல்ல யோசனைதான். ஆனா பேஷண்ட் இடுப்புக்குள்ள நான் எப்படி கிரீஸ் வைக்கறது?"

அப்பா கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர். உண்மையாகவே யோசித்தார்.

"ஒரு நிப்பிள் வெச்சுருங்க. லாரிக்கு வெக்கற மாதிரி. வெளிய இருந்தே கிரீஸ் கன்னுல அடிச்சுக்கலாம். தீவாளிக்கு ஒருக்கா அடிச்சா மறுதீவாளி வரைக்கும் ஓடுமுங்க."

அதற்குமேல் டாக்டரால் தாங்க முடியவில்லை. வெளியே ஓடிவிட்டார். தாழ்வாரத்தில் அவர் சிரித்த சிரிப்பு கேன்டீன் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று நின்றேன். பூமி பிளக்கவில்லை. கெட்ட நேரத்தில் பூமிகூட நமக்கு ஒத்தாசை செய்யாது.

கிளம்பும்போது டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருளப்பன் சாரிடம் சொன்னார்: "முதலிலிருந்து ஒழுங்காச் செய்யுங்க. கழுவி எடை போடுங்க. மூணு நாலு மாசம் ஆகட்டும், மறுபடி வந்து பார்க்கிறேன்." மறுத்துவிடவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் எனக்கு ஏது மூன்று நான்கு மாதம்? பொங்கலுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

விடுதிக்குப் போனேன், டிரங்குப் பெட்டியைக் கட்டினேன், லாரியில் ஏறினேன். அப்பாவே ஓட்டினார். சேலம் தாண்டியதும் அழ ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அவமானத்துக்குப் பாதி, எருமப்பட்டிக்குப் பாதி. அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ராசிபுரத்தில் ஒரு டீக்கடைக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஏஞ்சாமி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் குச்சி தேயோணுமா, தேயக் கூடாதா?"

"தேயோணுமுங்கப்பா! எத்தன தேயுதுன்னு பாக்கறதுக்குத்தானே அந்த மிசினே! டயர் எத்தன தூரம் தாங்கும்னு கம்பெனிக்காரன் ஓட்டிப் பாக்க மாட்டானா? அது மாதிரி."

"அட கெரகமே!" என்று ஸ்டியரிங்கில் ஓர் அடி அடித்தார். "டயரு மாதிரீன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா டப்பாவையே தொட்டிருக்க மாட்டனே! தேயற பொருளப் பாத்துக்கிட்டு நான் எப்பிடி சாமி சும்மா உக்காந்திருப்பேன்?"

நான் மூக்கைச் சிந்தினேன். டீ வந்தது. அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"லோடு ஏத்தற எடத்துல பார்ட்டி தாமசம் பண்ணி வண்டி நின்னுபோச்சுன்னா, அந்த நாளுக்கு ஹால்டிங் யாரு குடுக்கோணும்?"

ஹால்டிங் என்றால் வண்டி சும்மா நிற்கிற நாளுக்கான கூலி; லாரித் தொழிலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. "வண்டிய நிறுத்துனவங்கதானுங்க."

"உன்ற வண்டிய நிறுத்துனது யாரு?"

அப்பாவைப் பார்த்துச் சொல்லுகிற பதிலா அது?

"நாந்தான் சாமி. நாலு மாசமோ ஆறு மாசமோ, உனக்கு ஹால்டிங் நான் குடுக்கோணும். காசாக் குடுத்து என்ன ஆவுது? நாளாவே தாரேன். எருமப்பட்டிக்கு நான் போய்ச் சொல்லிக்கறேன். அவங்களுக்கு அவசரமுன்னா வேற எடம் பாத்துக்கட்டும்."

டீயை ஒரே மடக்கில் குடித்தார். கிளாஸை நீட்டினார். பிறகு அந்தக் குறுகலான கடைவீதியில், முன்னும் பின்னும் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் தலையில் அடித்துக்கொள்ள, லாரியைத் திருப்பிச் சேலத்தைப் பார்த்து விட்டார். எனக்கு அழுகை இன்னும் அதிகமாகிவிட்டது. அப்பா என்னை அவ்வளவு பெரிய மனுஷியாக நடத்தியது அதுதான் முதல் தடவை.

எருமப்பட்டிக்காரர்களிடம் அவர் போய், "புள்ளயோட வண்டி ஹால்டிங்ல நிக்குதுங்க, நீங்க காத்திருக்க வேண்டாம்" என்றாராம். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வைகாசியில் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

நான் மெஷினைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்பு போட்டுத் தேய்த்து, புதுக் குச்சி வைத்து மறுபடி ஓட்டினேன். மெஷின் பழையபடி ஊளையிட்டது. எனக்கு அது தேவகானமாக இருந்தது. முடிவு வந்த அன்று குச்சியை எடுத்துக் கழுவி, காயவைத்து, தராசில் வைத்தேன். குறைந்திருந்தது! கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் ஒழுங்காக, சொன்ன பேச்சுக் கேட்டுத் தேய்ந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துத் தலையாட்டினார். அருளப்பன் சார் அறையிலிருந்தே நாமக்கல் லாரி புக்கிங் ஆபீசுக்கு டிரங்கால் போட்டேன்.

"அப்பா! தேஞ்சிருச்சுங்கப்பா!"

அந்தப் பக்கத்திலிருந்து, போன் இல்லாமலே சேலத்துக்குக் கேட்டிருக்கும், அப்படி ஒரு கத்தல்.

"ஏனுங்க! எல்லாரும் கேட்டுக்குங்க! என்ற புள்ளயோடது தேஞ்சிருச்சாமா!"

அங்கே இருந்த டிரைவர்களும் ஓனர்களும் ஐயோ பாவம் என்று துக்கம் விசாரிக்க எழுந்து வந்திருக்கிறார்கள். இவரோ பக்கத்துக் கடையில் ஜிலேபியை அள்ளி வாங்கி, ஒருவர் விடாமல் வாயில் திணித்திருக்கிறார். நாமக்கல் சரித்திரத்தில் ஒரு பொருள் தேய்ந்து போனதற்கு ஜிலேபி கொடுத்த ஒரே லாரி ஓனர் என் அப்பாதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செருப்பு தேய்ந்தாலும், டயர் தேய்ந்தாலும், அம்மாவின் அம்மிக்கல் தேய்ந்தாலும் யாராவது ஒருவர் "ஜிலேபி எங்க?" என்பார்.

போன வருஷம் மாடிப்படி ஏற முடியாமல் டாக்டரிடம் போனேன். அப்பா இல்லை இப்போது. அண்ணன்தான் துணைக்கு வந்தான். சின்ன வயது டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தயங்கி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, பயப்படாதீங்க. உங்க மூட்டு நல்லாவே தேஞ்சிருக்கு."

அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "இருங்க டாக்டர், ஜிலேபி வாங்கியாரேன்" என்று போயே போய்விட்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அந்த டாக்டர் பிள்ளை அழுகை என்று நினைத்து, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நர்ஸை விரட்டியது.